காணாமல்போன மகன் விட்பியில் இருக்கிறான்

எங்கள் வீட்டில் அப்பா ராசா, அம்மா ராணி. சும்மா சொல்லவில்லை, ஊர்த் திருவிழா நாடக மேடைகளில் இருவரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ரொறன்ரோவுக்கு வந்தும் விடவில்லை, பேஸ்மென்ட்டில் ஒத்திகை தொடர்ந்தது. அண்ணன் மட்டும் தப்பினான். கம்ப்யூட்டர் படித்து, நகருக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கி, ஆர்மோனியச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டான். அகப்பட்டது நான்.

எனக்குக் காதலி வேஷம் ஒருநாளும் கிடைக்கவில்லை. முகவாகு அப்படி என்பார் அப்பா. தலையில் பவுடரைக் கொட்டி, கிழவியாக்கி, அழ விடுவார். அழுவதில் என்னை மிஞ்ச ஸ்காபரோவில் ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

போரில் காணாமல்போன மகனைத் தேடும் தாயாக நான் நடித்த நாடகத்துக்கு, கையில் பிடிக்க ஒரு படம் தேவைப்பட்டது. அப்பா அண்ணனின் பள்ளிக்கூடப் படத்தைப் பெருப்பித்து, சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா துள்ளினார்.

"உயிரோட இருக்கிற பிள்ளையின்ரை படம். உங்களுக்கென்ன விசரே?"

"மாலையே போடுறம்? கையிலதானே பிடிக்கிறாள்," என்றார் அப்பா.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் ஒருத்தி பிள்ளைக்காக அழுதால், வீட்டிலும் அவளுக்கு ஒரு பிள்ளை இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் கொடுமை.

ஒரு ஞாயிறு பின்னேரம் நாடகம் முடிந்து, பவுடர் தலையோடு வடை தின்றுகொண்டிருந்தேன். குளிர்க்கோட்டுப் போட்ட வயதான பெண் ஒருவர் வந்து, மேசையிலிருந்த படத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, இவனை நான் கண்டனான்."

எனக்கு வாய்க்குள் வடை அப்படியே நின்றது.

"சண்டையின்ரை கடைசி நேரம், முள்ளுக்கம்பிக்கு அங்கால ஆமியின்ரை பஸ்ஸில ஏறினவன். இதே வெள்ளைச் சேர்ட். ஒரு காயமுமில்லை. நீ அழாதை."

அந்தக் கடைசி நேரத்தில் அண்ணன் கனடாவில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சின்னப் படம் ஒன்றை என் கையில் வைத்தார். மீசை அரும்பிய ஒரு பெடியன்.

"என்ரை மகன். நீ எங்கையாவது கண்டனியோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனக்கு யாரும் சொல்லாத ஒன்றை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு ஓம் என்ற ஒரு சொல்லுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை அன்ரி," என்றேன். "நான் காணேல்லை."

"பரவாயில்லை, பிள்ளை. உன்ரை மகன் வருவான்."

படத்தைத் துடைத்து உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காரில் அப்பா கேட்டார், "ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே. உதுக்குத்தானே உனக்கு நடிக்கப் பழக்கினது?" பொய் சொல்ல மனம் வரவில்லையா, அந்த நேரம் நடிப்பு வரவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விட்பிக்குப் போனால் அண்ணன்தான் கதவைத் திறப்பான். இப்போது தொந்தியும் வழுக்கையும். அவன் முகத்துக்குள் அந்த வெள்ளைச் சேர்ட்டுப் பெடியன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பான், நான் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

"என்னடி, பேயைக் கண்டமாதிரிப் பாக்கிறாய்? உள்ள வா, குளிருது."

இவனைக் கண்டதாகச் சொல்ல ஒருத்தி இருந்தாள். அவள் பிள்ளையைக் கண்டதாகச் சொல்ல அன்று நான் மட்டும்தான் இருந்தேன்.