மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் புகை

எங்கள் தொழிலில் நோயாளி சொன்ன பொய் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பெரிய பயனில்லை.

தஞ்சாவூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் நான் ஆண் நர்ஸ். மூக்கு, வயிறு, மார்பு, முகத் தழும்பு என்று பெரும்பாலும் தோற்றத்துக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷன்கள். கத்தி டாக்டரம்மாவுடையது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளும் பின்னால் பிரிக்க வேண்டிய கட்டுகளும் என்னுடையவை. சர்க்கரை வியாதிக்காரரின் தலையணைக்கு அடியில் லட்டு கண்டெடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

கேட்காமல் விட்ட வெற்றிலை

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மாள் வயிற்றின் தொங்கு சதையை எடுத்துக்கொள்ள வந்திருந்தார். "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த கணவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தார். இல்லை என்று எழுதிக்கொண்டேன். ஆபரேஷன் நன்றாக நடந்தது. பிறகு ஒருநாள் கட்டைப் பிரித்தால் தையல் ஓரம் நெடுகத் தோல் கறுத்துக் கிடக்கிறது. நான் திகைத்து நிமிர்ந்தேன். அம்மாளின் கன்னம் உப்பியிருந்தது. உள்ளே வெற்றிலை, அதோடு புகையிலை.

நிகோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். வெட்டித் தைத்த தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் அது செத்துப்போகும். இதை நான் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சிகரெட்டைத்தானே கேட்டீங்க தம்பி, வெத்தலையை யாரு கேட்டா?"

பனியனோடு குளிக்கிறவன்

அதன்பிறகு கேள்வியை நீட்டினேன். பீடி, சுருட்டு, புகையிலை, மூக்குப்பொடி, எல்லாம் சேர்த்துக்கொண்டேன். இனி யாரும் தப்ப முடியாது என்று நினைத்தேன்.

செந்தில் பாபநாசம் பக்கத்துப் பையன். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனுக்கு மார்பில் பெண்களுக்கு இருப்பதுபோல் சதை. சிறு வயதிலிருந்து பம்புசெட்டில் பனியனைக் கழற்றாமல் குளிக்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை மாமன் மச்சான்கள் எல்லாரும் சேர்ந்து நலங்கு வைத்துக் குளிப்பாட்டுவார்கள். அன்றைக்குச் சட்டையில்லாமல் உட்கார வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே கவலை அது. சதையை எடுத்துவிடலாம், ஆனால் காம்பைச் சுற்றியுள்ள தோல் பிழைத்து ஒட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நான் என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். சிகரெட்? பீடி? புகையிலை? வேறு ஏதாவது மாத்திரை? எல்லாவற்றுக்கும் செந்தில் தலையை ஆட்டி இல்லை என்றான். பின்னால் நின்ற அவன் அப்பா கலியபெருமாள், நெல்லும் உளுந்தும் போடுகிற மனிதர், என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எம் பையன் அந்த வாடையே அறிய மாட்டான், தம்பி."

மீட்டிங் மாத்திரை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன மறுநாள் காலையே காரில் அழைத்து வந்துவிட்டார்கள். இடது மார்பு தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல் வீங்கியிருந்தது. உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்தால் தறிகெட்டு ஓடுகிறது. சாப்பிட்ட மாத்திரைகளை எல்லாம் சொல்லுங்கள் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். "நீங்க குடுத்ததுதாங்க. அப்புறம் அவன் மூளைக்குன்னு ஒரு சத்து மாத்திரை" என்றார் கலியபெருமாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும் செந்திலே சொன்னான். அது சத்து மாத்திரை இல்லை. கவனம் நிற்காமல் சிதறும் குறைக்குப் பெங்களூரில் மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து. ஆபரேஷனுக்கு முன்னால் அவனாகவே நிறுத்தியிருக்கிறான். அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் வந்ததும் அவனாகவே இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். டாக்டரம்மா மருந்தைக் குறை சொல்லவில்லை. நல்ல மருந்துதான், ஆனால் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், முன்பே தெரிந்திருந்தால் அந்த டாக்டரிடம் பேசி எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று முடிவு செய்திருப்பேன் என்றார். உறைந்த ரத்தத்தை எடுத்தார். பெங்களூர் டாக்டரிடம் பேசினார். கொஞ்ச நாளைக்கு மாத்திரை வேண்டாம் என்று முடிவாயிற்று.

இவ்வளவையும் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பொண்ணு வீட்ல பைத்தியம்னு பேர் வெச்சுட்டா என்னண்ணே பண்றது?"

கறுத்த ஓரம்

அப்பா இல்லாத இடத்தில் அவனுக்கு உண்மை இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த முறை கட்டைப் பிரித்தேன். காம்பைச் சுற்றிப் பாதி வட்டம், கருகிய தோசையின் ஓரம்போல் இருந்தது. எத்தனையோ புண்களைப் பார்த்தவன்தான். ஆனால் நன்றாகச் சிவந்துவந்த தோல் அது. அவன் விரலை முகர்ந்தேன். வாடையை மறைக்கத் தின்ற மிட்டாயின் வாசனைக்கு அடியில் சிகரெட்.

கலியபெருமாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மாத்திரை இல்லாமல் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை, வேலை ஓட வேண்டுமென்று சிகரெட்டைக் கூட்டிக்கொண்டேன் என்றான். கூட்டிக்கொண்டேன் என்றால் முன்பே உண்டு. வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடிப்பானாம், அப்பா அந்தப் பக்கம் வரமாட்டாராம். "அப்ப அன்னிக்குக் கேட்டதுக்கு ஏம்ப்பா இல்லைன்னே?" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்: "அப்பா நிக்கிறப்ப எப்படிண்ணே ஆமாம்பாங்க?"

அப்பாவின் முறை

கறுத்தது உதிரும், எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது, இனி ஒரு இழுப்புக்கூடக் கூடாது என்றார் டாக்டரம்மா. பையன் சொன்னதை நான் அப்பாவிடம் சொல்ல முடியாது. அதனால் பொதுவாக, வீட்டில் யாரும் புகை பிடிக்க வேண்டாம், பக்கத்தில் வந்தாலே கெடுதல் என்றேன். கலியபெருமாள் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு நான் டீ குடிக்க இறங்கியபோது படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, நான் பீடி குடிப்பேன். வீட்டுக்குத் தெரியாது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடிதான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க வாடை அடிக்கிறப்பெல்லாம் நாம குடிச்சதுதான் இன்னும் போகலன்னு நெனச்சுக்கிட்டேன்." ஒரே சுவருக்குப் பின்னால் அப்பாவும் பிள்ளையும் முறை வைத்துக்கொண்டதுபோல் நின்றிருக்கிறார்கள். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, மற்றவருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்கள். நீங்களே அவனிடம் பேசுங்களேன் என்றேன். அவர் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன் மொகத்தப் பாத்து நான் எப்படித் தம்பி சொல்றது?"

என் தட்டில் இரண்டு பொருள்கள்

நானாக எதையும் சொல்லவில்லை. அடுத்த முறை கட்டுப் பிரிக்கும்போது கலியபெருமாளையும் உள்ளே வரச் சொன்னேன், அவ்வளவுதான். கறுப்பை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்தார். மகன் நலங்குக்குச் சட்டையில்லாமல் உட்கார முடியுமா என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். இடுப்பிலிருந்து பீடிக்கட்டை எடுத்து, கிருமி நீக்கி வைத்திருந்த என் தட்டில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். செந்தில் பேண்ட் பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தட்டு கெட்டுப்போயிற்று, நான் வேறு தட்டு எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது கலியபெருமாள் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது ஒன்னுதா? மோட்டார் மெக்கானிக் மறந்துட்டுப் போனதுன்னு நான்ல கொட்டகை மாடத்துல பத்திரமா எடுத்து வெச்சேன்."

நலங்கு

இருவரும் விட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிரித்த கட்டு அப்படித்தான் சொன்னது. கறுப்பு உதிர்ந்து, காம்பு பிழைத்தது. கீழே புளியங்கொட்டை அளவுக்கு வெளுத்த தழும்பு நின்றுவிட்டது. முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. சொல்லியிருந்தால் என்கிறேனே, சொல்லும்படி நான் கேட்டேனா என்பதுதான் எனக்குள் ஓடுகிறது. இரண்டு டாக்டர்களும் பேசி மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். அந்தப் பெண்ணிடம் செந்திலே மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டான். தன் தம்பிக்கும் அதே குறைதான் என்றாளாம்.

கல்யாணம் முடிந்து இனிப்போடு வந்தான். நலங்கில் பனியன் இல்லாமல் உட்கார்ந்தாயா என்றேன். உட்கார்ந்தானாம். மச்சான் ஒருவன் தழும்பைப் பார்த்து இதென்ன என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டாருண்ணே, 'அது நாங்க ரெண்டு பேரும் குடிச்ச சிகரெட்டு'ன்னு."

இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அப்பாக்களை வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்கிறேன், டீயோடு அவர்கள் வேறென்ன குடிக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகவும் பார்த்துக்கொள்கிறேன்.