கண்டக்டர் வீட்டு மெஷினில் பிரசவம்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: "பார்ட்ஸ் இன்னும் வரலை." மற்ற தொழில்காரர்கள் ஒரு பொய் செலவானதும் அடுத்த பொய்க்கு மெனக்கெட வேண்டும். இவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. நம்மவர் இதை அவ்வளவு பக்தியோடு சொல்லிவந்ததால் தெருவே அவருக்குப் 'பார்ட்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டது. கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவருடைய பட்டறையின் பின்பக்கம் செத்துப்போன மெஷின்கள் நிற்கும். அவற்றில் சில பிரசவ வார்டுகள். கதவைக் கழற்றி, உள்ளே பழைய துண்டு விரித்து, முன்னால் ஓர் அட்டை மறைப்பு. மீன் மார்க்கெட்டில் உதைபடும் தெருப்பூனைகளில் எது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாலும், மீன் தலையைக் காட்டிக் கூண்டில் பிடித்து இங்கே கொண்டுவந்து விடுவார். மடியில் ஏறிக் கொஞ்சுகிற பூனைகள் அல்ல இவை. கை நீட்டினால் கிழித்து அனுப்பும். அவரும் கொஞ்சுகிற ஆள் இல்லை. "வந்துட்டா மகாராணி! அவன் எங்கடி, ஓடிட்டானா?" என்பதுதான் வரவேற்புரை. குட்டிகள் பால் மறந்ததும் தாயை மாட்டு டாக்டரிடம் தூக்கிப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்து, "கடையை மூடியாச்சு, போ" என்று வழியனுப்புவார். கருணை உள்ளவர் என்று யாராவது சொன்னால் ஸ்பேனரைத் தேடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கண் திறக்கும்வரை குட்டிகளை யாரும் தொடக் கூடாது. இடம் மாற்றக் கூடாது. முதன்முதலில் வந்த பூனையின் குட்டிகளை, பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, வசதியான பெட்டிக்கு மாற்றினார். தாய் மிரண்டு சுவரேறிப் போனது, திரும்பவே இல்லை. பஞ்சில் நனைத்துப் பால் ஊட்டிப் பார்த்தார், ஒன்றுகூடத் தேறவில்லை.

இப்படிப்பட்டவர் போன மாதம், வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு மெஷினைச் சொன்ன நாளில் முடித்தார். பஸ் கண்டக்டர் வீட்டு மெஷின். அவருக்குக் குழந்தை பிறந்து, வீட்டில் ஈரத்துணி மலையாகக் குவிந்திருந்தது. பார்ட்ஸே போன் செய்து "ரெடி, வந்து எடுத்துக்க" என்றார். அந்தப் பெருமையில் மெஷின் கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால், முந்தின வாரம் பிடித்துவந்தும் துண்டு விரித்த வார்டை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு சாம்பல் பூனை, பளபளவென்று துடைத்துவைத்த அந்த டிரம்முக்குள் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

லோடு வண்டியோடு கண்டக்டர் வந்து இறங்கினார்.

"பார்ட்ஸ் இன்னும் வரலை," என்றார் பார்ட்ஸ், வேறெதுவும் வாயில் வராமல்.

"யோவ், காலைல நீதானய்யா ரெடின்னு போன் பண்ணே?"

"பண்ணேன். இப்ப உள்ள பூனை குட்டி போட்டிருக்கு."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுய்யா. நகரு!"

கண்டக்டர் குனிந்து டிரம்முக்குள் தலையை நீட்டினார். உள்ளிருந்து ஒரு சீறல். ஊரையே பஸ்ஸுக்குள் தள்ளிப் பழகியவர் ஒரே எட்டில் வெளியே வந்து விழுந்தார்.

"எடுத்து வேற எதுலயாவது வையேன்யா!"

"கை வெச்சா தாய் விட்டுட்டு ஓடிடும். குட்டி அத்தனையும் செத்துடும். கண்ணு திறக்கட்டும், நானே கொண்டாந்து மாட்டித் தரேன்."

"அதுவரைக்கும் எவன் துவைப்பான்? என் மாமியார் துணியைப் பிழியறதை விட்டுட்டு என்னைப் பிழியறாங்க. தூக்குங்கப்பா!"

வண்டி ஆட்கள் சட்டைக்கையை மடித்தார்கள். பார்ட்ஸ் மெஷின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் துவைக்கிறேன்."

"என்னது?"

"துணியைக் கொண்டா. தினமும் நானே துவைச்சுத் தரேன்."

கண்டக்டர் தாடையைச் சொறிந்தார். "இஸ்திரியும் போட்டுத் தரணும்."

மறுநாளே மூட்டை வந்தது. பாதி வாழ்க்கையை வாஷிங் மெஷினுக்குள் கழித்தவருக்குத் துணி துவைக்கத் தெரியாது. முழங்கை வரை நுரையோடு இருந்தவரை, சாப்பாடு கொண்டுவந்த மனைவி நின்று ரசித்தார்.

"ரெண்டு பிள்ளை பெத்தேனே, ஒரு ஜட்டியாவது அலசியிருப்பீங்களா?"

"சும்மா இருடி. கறை போக மாட்டேங்குது."

"எப்படிப் போகும்? தடவிக் குடுத்துக்கிட்டிருந்தா? கழுத்தைப் பிடிச்சு முறுக்குங்க. அட, துணியோடதை!"

ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. வெறும் இரும்பு டிரம், குட்டிகள் நடுங்கின. தாய் தின்னப் போன சமயம், மூட்டையில் இருந்ததிலேயே மெத்தென்ற மஞ்சள் துணியைக் குச்சியால் டிரம்மின் ஓரத்தில் தள்ளிவிட்டார். பூனை வந்து முகர்ந்தது, பல்லால் இழுத்தது, குட்டிகளோடு அதன்மேல் படுத்துக்கொண்டது.

கண்டக்டரின் மாமியார் போனில் வந்தார். "ஒரு மஞ்சத் துணி குறையுதே?"

"காத்துல பறந்திருக்கும்மா," என்றார், ஜன்னலே இல்லாத பட்டறையிலிருந்து.

விசாரணைக்குக் கண்டக்டரே அன்றைய மூட்டையோடு வந்தார். இந்தமுறை தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். தன் குழந்தையின் மஞ்சள் துணியைப் பார்த்தார். அதன் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்த குட்டியையும் பார்த்தார்.

"சரி, காத்துன்னே வெச்சுக்கலாம். மாமியாரை நான் பார்த்துக்கறேன்." பிறகு குரல் எழும்பியது. "யோவ், இது கண்ணு திறந்திருச்சேய்யா! மெஷினைத் தூக்கலாமா?"

பார்ட்ஸ் வாளித் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒரு கண்ணுதான் திறந்திருக்கு. மூட்டையை வெச்சுட்டுப் போ."