தறி நின்ற தெரு

திருப்பதியில் கருத்தரங்கு முடிந்த மறுநாள் காலை நகரிக்குப் பேருந்து ஏறினேன். வடமாலபேட்டை தாண்டியதும் தூறல். சென்னையில் கணிதம் கற்பிக்கும் நான், டெங்கு எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பவள். ஒரே ஊர், ஒரே மழை, அதே அளவு கொசு. அந்தக் கணக்கைக் கணினியில் ஒருமுறை ஓட்டினால் நோய் தானே அடங்கிவிடும். மறுமுறை ஒரு தெருவையே சாய்க்கும். எந்தக் கொசு யாரைக் கடித்தது என்ற தற்செயல்தான் வித்தியாசம். நகரியில் நிஜமாகவே அப்படியொரு தெரு இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் போனேன்.

ஆட்டோ ஓட்டுநர் முருகேசன் தெருமுனையில் வேகத்தைக் குறைத்தார். "இந்தத் தெருவுல மட்டும்தாம்மா ஜொரம். பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கும் இல்ல."

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருந்தன. இங்கே சத்தமே இல்லை. பாதி நெய்த லுங்கிகளோடு தறிகள் நின்றிருந்தன. பட்டப்பகலிலேயே வீடுதோறும் கொசுவலை. அதற்குள்ளிருந்து கண்கள் மட்டும் எங்களைத் தொடர்ந்தன.

ஒரு வீட்டில் மட்டும் தறி ஓட ஆரம்பித்தது. இறங்கி உள்ளே போனேன். தறியருகே செல்வி என்ற பெண் நின்றிருந்தாள்.

"ஜொரம் உட்டுடுச்சு. நல்லாத்தான் கீறேன்," என்று சிரித்தாள். அவள் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"வயிறு வலிக்குதா?"

"காலைலேர்ந்து வலி. எது துன்னாலும் வாந்தி."

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து என்று அவள் கணவர் சேகரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஜொரமே இல்லயே, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?"

"கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். பிறகு தறியை நிறுத்தினார். முருகேசனின் ஆட்டோவிலேயே திருப்பதிக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் செல்வி அதே சிரிப்போடு என் தோளில் சாய்ந்திருந்தாள். புத்தூர் தாண்டியபின் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. சேகர் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவளுக்கு ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. உடனே சலைன் ஏற்றினார்கள். மறுநாள் காலை கண் விழித்த செல்வி, "தறிய யாரு நிறுத்துனது?" என்று கேட்டாளாம்.

சென்னைக்குத் திரும்பும் வழியில் நகரியில் இறங்கினேன். தறி ஓடிக்கொண்டிருந்த அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் வழிமறித்தாள். "எங்க தெருவுக்கும் வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம். தொட்டித் தண்ணிய கொட்டிடுங்க."

என் கணினியில் பிடிக்காத ஓட்டத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். அவளுக்கு இந்த மழைக்காலம் ஒருமுறைதான். தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தபோது அவள் தொட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். மழை மீண்டும் பிடித்தது.