மாடி மாமாவின் கறுப்பு ஜெர்கின்

கண்ணுகளா, மாடி மாமா எப்போது திரும்பி வருவார் என்று நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பெரியவள் கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் கன்னடம் வருகிற வேகத்தில் தமிழ் படிக்க வராது. மெதுவாக, வாய்விட்டுப் படியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். நானும் பெரிய படிப்புப் படித்தவனில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது போன வருஷம் தசரா சமயத்தில், அக்ரஹாரத்தில் இருக்கிற நம் எம்பிராய்டரி கடையில்.

முதலில் மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைக்குக் குடிவந்தபோது அவரிடம் ஒரு பெட்டி, ஒரு பெரிய கம்ப்யூட்டர், கறுப்பு ஜெர்கின் ஒன்று, அவ்வளவுதான் இருந்தன. என்ன வேலை என்று வீட்டுக்காரர் கேட்டார். போக்கர் ஆடுகிறேன், அதுதான் என் தொழில் என்று மாமா உண்மையைச் சொன்னார். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. பிறகு ஜெர்கினில் நெஞ்சுப் பக்கம் பெரிதாகத் தைத்திருந்த கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஓ, கம்பெனி வேலையா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கம்பெனி ஆன்லைனில் சீட்டு விளையாட்டு நடத்துகிற கம்பெனி. மாமா இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். பகலெல்லாம் மேலே உட்கார்ந்து ஆடுவார். அவர் ஆடுவதை ஜனங்கள் யூடியூபில் பார்ப்பார்கள். கம்பெனிப் பெயர் போட்ட உடுப்பை மாட்டிக்கொண்டு ஆடுவதற்காகக் கம்பெனி அவருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுத்தது. ஆட்டத்தில் ஜெயிப்பது ஒரு மாதம் வரும், ஒரு மாதம் போகும். ஜெயித்தாலும் வரி பிடித்துக்கொண்டுதான் கையில் வரும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நம்பி இருந்தது அந்த ஸ்பான்சர் காசைத்தான். நான் அவருக்கு அறிமுகமானதும் அந்தப் பெயரால்தான். பழைய ஜெர்கின் வெளுத்ததும், புதிதில் பெயர் தைக்க என்னிடம் வந்தார். அப்புறம் கம்பெனித் தொப்பிகளும் என்னிடமே வந்தன. அதற்கு முந்தின வருஷத் தசராவில் அவற்றை மாமாவே ஆட்டோ ஸ்டாண்டு முதல் பூக்கடை வரை எல்லோருக்கும் கொடுத்தார்.

சாயங்காலம் டீ வந்ததும் கீழே இறங்கி வருவார். அந்த நேரங்களைத்தான் நீங்கள் இப்போதும் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். நான் ஒருநாள் ஆசையாய்க் கேட்டேன், "தம்பி, நானும் அந்த ஆப்பில ஒரு ஆயிரம் போட்டு ஆடிப் பாக்கட்டுமா?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாண்ணா. உங்கள மாதிரி ஆளுங்க போடற காசுலதான் எங்கள மாதிரி ஆளுங்க ஜெயிக்கறோம். உங்ககிட்ட நான் ஜெயிக்கணுமா?"

"பின்ன எப்பிடிக் கத்துக்கறது?"

சுற்றிப் பார்த்தார். பட்டன் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார். காசுக்குப் பதில் பட்டன்: வெள்ளைச் சட்டைப் பட்டனுக்கு மதிப்பு ஒன்று, பேன்ட் பட்டனுக்கு ஐந்து. பித்தளைக் கோட்டுப் பட்டன் யார் முன்னால் இருக்கிறதோ அவர் சீட்டுப் போட வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. துணி வெட்டுகிற மேஜைதான் நமக்கு ஆட்ட மேஜை. பெரியவளே, நீ கையில் ஒன்றும் இல்லாமலே எல்லாப் பட்டனையும் நடுவில் தள்ளிவிட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பாய். "அண்ணா, இவள நம்பவே கூடாது மாராயா" என்று மாமா தோற்றதாக ஒப்புக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துவிடுவார். சின்னவனே, நீ ஜெயித்த பட்டன்களைக் கால்சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாய். மறுநாள் நான் வாடிக்கைக்காரர் சட்டைக்குப் பட்டன் தேடுவேன்.

மாமாவின் அம்மாவையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கொள்ளேகாலில் பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டுகிறவர். ஒருமுறை பஸ் பிடித்து வந்தவர், மகனோடு மாடிக்குப் போவதற்கு முன்னால் கடைக்குள் வந்தார். அங்கே தொங்கிய ஜெர்கினை எடுத்து முன்பக்கம் பார்க்காமல் நேராக உள்பக்கத்தைப் புரட்டினார். நூல் வேலைக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"ஏனுங் தம்பி, இது நீங்க போட்டதுங்களா? அடியில ஒரு முடிச்சுத் தெரியல."

"ஆமாங்கம்மா."

"எங்கூர்ல பேசறாங்க, எம்மவன் வேலைய உட்டுப்போட்டு சீட்டாடறான்னு. சீட்டாடறவனுக்கு எந்தக் கம்பெனிக்காரன் பேரு போட்டுச் சட்ட குடுப்பான்? நீங்களே சொல்லுங்க."

நான் மகனைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்தார். அந்த அம்மா பொய்யொன்றும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. அந்தப் பெயர்தான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

போன வருஷம் கௌரி பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் டெல்லியில் சட்டம் வந்தது. காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டை யாரும் நடத்தக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் ஜெயில். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. மாமா முதலில் பயப்படவில்லை. இதற்கு முன்பும் நம் கர்நாடகத்தில் ஒரு தடை வந்து, கோர்ட்டில் நிற்காமல் போனதாம். அப்போது கோயம்புத்தூரில் நண்பர் வீட்டில் தங்கி ஆடிச் சமாளித்தாராம். "இதுவும் போயிரும்ணா" என்றார். இந்தத் தடவை போவதற்கு வேறு ஊரே இல்லை. ஆப் மூடியது. கம்பெனியிலிருந்து மெயில் வந்தது: ஒப்பந்தம் முடிந்தது, இனி எந்தப் படத்திலும் எங்கள் பெயர் தெரியக் கூடாது.

மாமா உடுப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். "பிரிச்சுக் குடுங்கண்ணா. வேற சட்டை வாங்கற நிலைமையில இல்ல."

எம்பிராய்டரியைப் பிரிப்பது தைப்பதைவிட மெதுவான வேலை. உள்பக்கம் இருக்கிற அடிநூலைத்தான் அறுக்க வேண்டும். மேலே கத்தரி வைத்தால் துணி போய்விடும். அடிநூல் அறுந்ததும் முன்பக்கம் எழுத்து தளர்ந்து, இழுத்தால் தானாக வரும். நான் பொறுமையாகத்தான் பிரித்தேன். ஆனாலும் பெயர் இருந்த இடத்தில் ஊசி போன துளைகள் அப்படியே நின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "எங்கம்மா இதக் கண்டுபிடிச்சிருவாங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு டீக்கு இறங்கி வருவது குறைந்தது. பெங்களூரில் வேலைக்குக் கேட்டிருக்கிறார். இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், பதில் சொன்னதும் திரும்பக் கூப்பிடவில்லை. வாடகை இழுபறியானது. ஆடினால் குற்றமில்லை, ஆனால் ஆட இடமில்லை. நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

தசரா ஆரம்பித்த வாரம் அவர் பென்டிரைவோடு வந்தார். முகத்தில் பழைய களை. வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது, முன்பைவிட அதிகம் தருகிறார்களாம். இங்கே மூடினாலும் அவர்கள் லிங்க் கொடுத்து உள்ளே ஆட விடுகிறார்களாம். இவர் அவர்கள் பெயரை மாட்டிக்கொண்டு வீடியோ போட வேண்டும்.

"சட்டம் இருக்குன்னு சொன்னீங்களே தம்பி?"

"எல்லாரும் பேர மாட்டிட்டுதான் ஆடறாங்கண்ணா. பழைய துளை மேலயே தெச்சிருங்க. மூடிரும். அடுத்த வாரம் அம்மா தசரா பாக்க வர்றாங்க."

அந்தக் கடைசி வார்த்தை இல்லையென்றால் நான் இன்னும் ஏதாவது கேட்டிருப்பேன். ஒன்றும் கேட்காமல் டிசைனை மெஷினில் ஏற்றினேன். ஜெர்கினை ஃப்ரேமில் இழுத்துப் பூட்டினேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. தங்க நூலில் முதல் எழுத்து எழுந்து வந்தது.

அப்போதுதான் ஸ்டாண்டில் இருக்கிற ஒரு ஆட்டோக்காரர், பேட்ஜ் தைக்கக் கொடுத்த காக்கிச் சட்டையை வாங்க வந்தார். தலையில் மாமா கொடுத்த தொப்பி. கம்பெனி போய்விட்டது, தொப்பி இருந்தது. மாமாவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம்.

"சார், நீங்க குடுத்த தொப்பிதான், பாருங்க" என்று கன்னடத்தில் சிரித்தார். "உங்களப் பாத்துத்தான் நான் ஆடவே ஆரம்பிச்சேன். வண்டி ட்யூ கட்ட வெச்சிருந்தது உள்ள போயிருச்சு. ஜெயிச்சு எடுத்திரலாம்னு இருந்தேன், அதுக்குள்ள மூடிட்டாங்க." மெஷினை எட்டிப் பார்த்தார். "இது புது கம்பெனியா? எனக்கும் லிங்க் குடுங்க சார்."

மாமா, "இதுல போட்டா வராதுங்க. வேண்டாம்" என்றார்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. நல்ல கம்பெனியா இல்லாட்டி அது பேர நீங்க மாட்டுவீங்களா?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை, கண்ணுகளா. அதுதான் விஷயம். நம்பிக் கேட்டார். கொள்ளேகால் அம்மா என்னிடம் கேட்ட அதே கேள்வி. இரண்டாவது எழுத்தில் ஊசி பாதி ஏறியிருந்தது.

மாமா கையை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

"மாட்டல. பிரிச்சிட்டிருக்கோம்" என்றார்.

ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு, லிங்க் வந்தால் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். மாமா பின்னாலேயே வெளியே போய், அவரோடு ஆட்டோ பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் அந்தத் தொப்பி இருந்தது.

நான் பிரிக்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. சின்னக் கத்தரியை என்னிடமிருந்து வாங்கி, மேல்பக்கமே வைத்துக் குத்திக் குத்திப் பிரித்தார். சொல்லச் சொல்லக் கேட்காமல் ஓரிடத்தில் துணி கிழிந்தது. "ஆய்த்தண்ணா, முடிஞ்சுது" என்று எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அம்மா வரும்வரை காத்திருக்காமல் மறுநாள் காலையே அவர் கொள்ளேகால் பஸ் ஏறினார். சாயங்காலம் போன் செய்தார்.

"எல்லாம் சொல்லிட்டேண்ணா. கம்பெனி, சீட்டு, எல்லாம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சட்டைய உள்பக்கம் பொரட்டிப் பாத்தாங்க. இதப் பிரிச்சது ஆருன்னாங்க. நாந்தான்னேன். அதான் ஓட்ட உளுந்திருக்குது, அந்தத் தம்பி பிரிச்சிருந்தா இப்பிடி ஆகாதுன்னாங்க." சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. "அப்புறம் சோறு வெக்கட்டுமான்னு கேட்டாங்க."

இப்போது அவர் பெங்களூரில் ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறார். முன்பு வந்ததில் பாதிகூட வராது. ஷிப்ட் வேலை, அதனால்தான் வர முடிவதில்லை. சட்டம் அவர் பிழைப்பைக் கெடுத்ததா என்று கேட்டால், கெடுத்தது. ஆட்டோக்காரர் வண்டியைக் காப்பாற்றியதா என்று கேட்டால், அதையும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. இரண்டும் ஒரே தெருவில் என் கண் முன்னால் நடந்தன. நான் பெயர் தைத்துப் பிழைக்கிறவன். நெஞ்சில் இருக்கிற பெயரைப் பார்த்து ஜனங்கள் எவ்வளவு நம்பிவிடுகிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன். இப்போதெல்லாம் யார் எந்தப் பெயரைக் கொண்டுவந்தாலும் அது என்ன கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை இறக்குவதில்லை.

மாமா அறையைக் காலி செய்த அடுத்த வார லீவு நாளில், நீங்கள் அம்மாவோடு அவள் ஊரான அனூருக்குப் போயிருந்தீர்கள். நான் கடையைப் பாதி திறந்து மேஜையைத் துடைத்தேன். பட்டன் டப்பாவைக் கொட்டி இரண்டு குவியலாகப் பிரித்தேன். பித்தளைப் பட்டனை என் முன்னால் வைத்துக்கொண்டு, எனக்கு இரண்டு, மாமா உட்காரும் எதிர்ப்பக்கம் இரண்டு என்று சீட்டுப் போட்டேன். இரண்டு குவியலிலிருந்தும் கொஞ்சம் பட்டனை நடுவில் வைத்து, பொதுச் சீட்டு ஐந்தையும் திறந்தேன். என்னிடம் ஜோடி ராஜா இருந்தது. எதிர்ப்பக்கச் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. என் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, நடுவில் இருந்த பட்டன்களை எல்லாம் அந்தப் பக்கமே தள்ளினேன்.