நின்றே முடிப்பேன் என்று நேர்ந்துகொண்ட நவநாள்

குழந்தை இயேசுவுக்குப் புகழ் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், முதல் ஆறு வாரம் நான் அவரிடம் புகழ் பாடவில்லை. சண்டைதான் போட்டேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. காக்ஸ் டவுனில் வீடு. ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. வாடிக்கையாளர் யாரும் இல்லாவிட்டாலும் அங்கே உட்காரக் கூடாது. இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டது. மாலையானால் கால் கல்லாகக் கனக்கும். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, அரித்து, போன வருடம் புண்ணாகிவிட்டது. ஆறவே இல்லை.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமில்லை. பூண்டு எண்ணெய் என்றார் ஒருவர். செம்பு வளையம் போடு என்றார் இன்னொருவர். கத்தி வைத்தால் ஆறு மாதம் படுக்கைதான் என்று என் நாத்தனார் அடித்துச் சொன்னாள். அதை நம்பி நானும் டாக்டர் பக்கமே போகவில்லை. கடையில் சூப்பர்வைசரோ, "நிக்க முடியலன்னா சொல்லிடுங்க மேரி, வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். மகள் அப்போது பி.காம் இரண்டாம் வருடம். வேலை போனால் அவளுக்கு ஃபீஸ் கட்ட வழியில்லை.

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனமான பொருத்தனையைச் செய்தேன். விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலில் ஒன்பது வியாழக்கிழமை நவநாள். எல்லாரும் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும்போதும் நான் நிற்பேன். பதிலுக்கு ஆண்டவர் என்னை வேலையில் நிற்க வைக்க வேண்டும். வாரத்தில் எனக்கு விடுமுறையே வியாழக்கிழமை மட்டும்தான். அதையும் நின்றே கழித்தேன். என் வீட்டுக்காரர் லூர்து தலையில் அடித்துக்கொண்டார். "கால் வலின்னு வேண்டிக்கப் போய், இருக்கிற காலையும் கெடுத்துக்கிட்டு வர்றியே" என்றார். விசுவாசமில்லாத மனுஷன் என்று அவரைத் திட்டினேன்.

வாரத்துக்கு வாரம் புண் பெரிதானது. உமக்குக் கண் தெரியவில்லையா என்று பீடத்தைப் பார்த்தே கேட்டேன். ஆறாவது வியாழன், மன்றாட்டு நேரத்தில், காலில் சூடாக ஏதோ வழிந்தது. குனிந்து பார்த்தால் ரத்தம். நரம்பு வெடித்துத் தரையெல்லாம் நனைந்துவிட்டது. அப்போதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொருத்தனை முறியக் கூடாதாம்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தாள். பெயர் ஸ்டெல்லா. ரத்தக்குழாய் டாக்டர் ஒருவரிடம் நர்ஸ்.

"விடும்மா, நின்னே முடிக்கிறேன்னு நேர்ந்திருக்கேன்" என்றேன்.

"அக்கா, உங்கள நிக்கச் சொல்லி யாரு கேட்டா? நின்னு நின்னுதான் இந்த கதி. நாளைக்குக் காலைல எங்க டாக்டர்கிட்ட வாங்க, நான் கூட இருக்கேன்."

சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. ஆறு வாரமும் அவள் அதே பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாளாம், பிறகு சொன்னாள். நான் திரும்பியே பார்த்ததில்லை.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறது என்றார் டாக்டர். அடுத்த வாரமே சிகிச்சை. கத்தியே வைக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, முழங்கால் பக்கம் சிறு துளை வழியாக மெல்லிய லேசர் கம்பியை விட்டு, கெட்டுப்போன குழாயை உள்ளேயே மூடிவிட்டார்கள். அன்றே நடந்து வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்த நாத்தனாருக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். இறுக்கமான காலுறையோடு சில வாரம் போனதும் புண் மூடிவிட்டது.

மீதி மூன்று வியாழனும் உட்கார்ந்தே ஜெபித்தேன். முதல் நாள் குற்றம் செய்தவள் போலக் கூசியது. பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டிக் கடையில் ஸ்டூல் கேட்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் போட்டார். வேலை போகவில்லை. இப்போது பிரிவில் நாலு பெண்களும் மாற்றி மாற்றி உட்காருகிறோம்.

ஆண்டவருக்கு நன்றி. என் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு இன்னும் நன்றி. கால் நரம்பு புடைத்து வேதனைப்படும் சகோதரிகளே, நம்பிக்கையோடு கேளுங்கள், டாக்டரையும் போய்ப் பாருங்கள். கோவிலுக்கு வந்தால் தயவுசெய்து உட்காருங்கள். உட்கார்ந்து கேட்டாலும் அவருக்குக் காது கேட்கிறது.