சேகு மதாரின் சோடாப் போத்தல்

பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டியில் வெளியே போனால் வீதி மூடியிருக்கும். வீட்டில் இருந்தால் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். ஆகவே சென்ற ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பழைய போத்தல் ஒன்றைக் குளியல் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் பஸ் ஏறினேன்.

பழைய போத்தல் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அன்று கொண்டுபோனது, கழுத்துக்குள் கண்ணாடிப் போளை, அதாவது கோலிக்குண்டு, உருளும் சோடாப் போத்தல். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வடிகான் துப்புரவாக்கியவர் எடுத்துத் தந்தது. 'சேகு மதார், நாவலப்பிட்டி' என்று ஆங்கில எழுத்துகள் புடைத்து நிற்கும். இப்படிப்பட்ட போத்தல்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. உள்ளூரில் செய்தது சோடாவை மட்டும்தான். கண்டி வட்டாரத்துச் சோடாக்காரர்களின் போத்தல்கள் என்னிடம் பன்னிரண்டு இருந்தன. இந்தப் பெயரில் இது ஒன்றே ஒன்று. அந்த மனிதர் யார், இதற்கு ஜோடி கிடைக்குமா என்று பார்க்கவே இந்தப் பயணம்.

கம்பளை வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். ஏழரைக்கு ஏறி ஒன்பதேகாலுக்கு இறங்கினேன். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். கம்பளை தாண்டினால் மகாவலி அழகாகத் தெரியும் என்பார்கள். டிரைவர் வளைவு எடுத்த விதத்தில் நான் பையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணிக் கடையில் பெயரைச் சொன்னதும் கடைத்தெருவில் இருந்த ஹார்ட்வெயார் கடையைக் காட்டினார்கள். முதலாளி பாரூக் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"எங்கட வாப்பாட மூத்தவாப்பா, பாட்டன், சேர். சோடாக் கம்பனி வெச்சிருந்தவர். ஒருத்தரும் நம்புறல்ல. ஒரு போத்தல் சரி காட்டு எண்டு மச்சான் எந்த நாளும் சிரிக்கிற."

"அந்தப் போத்தல் எல்லாம் எங்கே, நானா?"

"போளைக்கு ஆசப்பட்டுப் புள்ளைகள் உடைச்சிட்டாங்க. எங்கட வாப்பாவும் உடைச்சவர்தான்."

ஜோடி கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. துவாயைப் பிரித்தேன். நானா கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் போத்தலை வாங்கினார். பெயரின் மேல் எழுத்தெழுத்தாக விரலை ஓட்டினார். பிறகு பக்கத்துப் புடவைக்கடையில் இருந்த மச்சானைக் கூப்பிட்டார். அவர் நானாவின் தங்கை கணவர்.

மச்சான் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "சரி, ஈந்திருக்கார்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார்.

"சேர், விற்பனைக்கு இல்ல, உரியவருக்குத் திருப்பிக் குடுக்கோணும் எண்டு ஈக்கே. உரியவர் இவர்தானே?"

அந்தக் காலத்தில் சோடாவைவிடப் போத்தலுக்குத்தான் விலை அதிகம். அதனால்தான் அந்த வரி என்று விளக்கம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வரியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எனக்கும் சேர்த்து எழுதியது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"சும்மா இரிங்க மச்சான். அது சேர் தேடி எடுத்த சாமான்" என்றார் நானா. ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு, என்னைவிடக் கவனமாகப் போத்தலைத் துவாயில் சுற்றித் தந்தார்.

கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விடைபெற்று வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். மடியில் பை. கொண்டக்டர் டிக்கெட்டுக்கு வருமுன் இறங்கிக் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

"நானா, இது உங்கட சாமான். பிடியுங்கோ."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். துவாயைப் பிரித்துப் போத்தலை மேசையில் நிறுத்தினார். பிறகு துவாயை மடித்து நீட்டி, "துவாய், சேர்?" என்றார்.

"அதையும் வெச்சிருங்கோ."

போத்தலைப் பெயின்ட் டின்களுக்கு நடுவே வீதிக்குத் தெரிய வைத்தார்கள். நான் படி இறங்கும்போது மச்சான் யாரோ வாடிக்கையாளரிடம், "எங்கட சோடாக் கம்பனி" என்று தொடங்கியிருந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும். பழைய போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், வெடிக்கும். முக்கியமாக, போத்தலில் பெயர் இருப்பவரின் வீட்டுக்கு அந்தப் போத்தலைக் கொண்டுபோகாதீர்கள். படம் போதும்.

என்னிடம் இப்போது பதினொரு போத்தல்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அதே வரி. அந்த ஊர்களுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.