ஆட்டை ஓட்டிப் போனது யார்?

வால்ட்டர் பியெலாக்குக்குப் பொய் சொல்ல வராது. வையண்டாட் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதிப் பேர் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள், மீதிப் பேர் அலுத்துக்கொண்டு சொல்வார்கள். கார் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில், தாமதமாகப் போன நாளில் "டயர் பஞ்சர்" என்று சொல்லித் தப்பிக்காமல், "தூங்கிட்டேன்" என்று சொல்லி அரை நாள் சம்பளத்தைக் கோட்டைவிட்ட மனுஷன். கல்யாண வீட்டில் மச்சினி புதுத் தொப்பியைக் காட்டி எப்படி இருக்கு என்று கேட்டபோது, "உனக்கு எடுக்கலை" என்றார். அவள் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பேர்ப்பட்டவரை அவர் வீட்டு வாசலிலேயே நின்று ஓர் ஆள் பொய்யன் என்று சொல்லிவிட்டுப் போனால் மனசு என்ன பாடுபடும்?

எல்லாம் ஆட்டால் வந்தது. ஆடு என்றால் நாலு கால் ஆடு இல்லை. 1968-ல் வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. கார். எங்கள் பக்கத்தில் அந்த வண்டியை யாரும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; ஜி.டி.ஓ. என்கிற எழுத்தை இங்கிலீஷில் ‘கோட்’ என்று திருப்பிப்போட்டு, ஆடுதான். மேற்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுகிற ரகம், எட்டு சிலிண்டர், கையால் கியர் போட வேண்டும். மன்ரோ பக்கம் ஒரு சோளக்காட்டுக் கொட்டகையில், சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த நிலையில் அதை வாங்கி வந்தார் வால்ட்டர். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். என்ஜினை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பூட்டினார். கரும்பச்சைப் பெயின்ட்டை மூன்று தடவை அடித்து, மூன்று தடவையும் சுரண்டினார், நாலாவது தடவைதான் மனசுக்குப் பிடித்தது. ஓடின மைல் காட்டும் மீட்டர் மட்டும் செத்துக் கிடந்தது, அதை அவரால் ஓடவைக்க முடியவில்லை. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

இதற்கே பத்து வருஷச் சனி ஞாயிறு போயிற்று. அவருடைய மனைவி லொரெட்டா ஷெட் வாசலில் வந்து நின்று, "ஆட்டுக்குத் தீனி போட்டாச்சா? இனிமே மனுஷங்க சாப்பிடலாமா?" என்று கேட்பாள். "அந்தப் பச்சைச் சிறுக்கிகிட்டயே படுத்துக்கோ, போர்வையை இங்கயே கொண்டாந்து போடறேன்" என்பாள். வால்ட்டருக்கு உறைக்காமல் இல்லை. முட்டி வேறு போய்விட்டது, கிளட்சை மிதித்தால் உயிர் போகிறது. மிச்சமிருக்கிற நாளையாவது இவளுக்குக் கொடுப்போம் என்று முடிவுசெய்து, வசந்தத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்.

"லொரெட்டா, ஆட்டை வித்துடறேன்."

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "உன் இஷ்டம்" என்றாள்.

சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் அந்தப் பாவி மனுஷன்.

விளம்பரத்தைப் பார்த்து டொலீடோவிலிருந்து வந்தவர் கார்லண்ட் ப்ரூயிட், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழுக்கே வந்து மணியடித்தார். பழைய கார் வாங்குகிறவர்களிடம் இந்தத் தந்திரம் உண்டு. குளிர்ந்த என்ஜின் முதல் திருகலிலேயே எடுத்தால் அது ஆரோக்கியமான என்ஜின். நோஞ்சான் என்ஜின் குளிரில் இருமும், திணறும், புகை கக்கும். அதை மறைக்க, ஆள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிடுகிற களவாணிகள் நிறையப் பேர். அதனால் அனுபவசாலி முதலில் பெயின்ட்டைப் பார்க்கமாட்டான், பானட் மேல் உள்ளங்கையை வைப்பான்.

கார்லண்ட் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எப்ப ஸ்டார்ட் பண்ணினீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை" என்றார் வால்ட்டர்.

"சூடா இருக்கே."

"இருக்காது."

"நீங்களே வச்சுப் பாருங்க ஐயா."

வால்ட்டர் வைத்துப் பார்த்தார். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான கெட்டில் அளவுக்குச் சூடு இருந்தது. "நான் தொடலை... சத்தியமா தொடலை" என்றார். கேட்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்! திருடன் பேச்சு மாதிரியேதான் இருந்தது.

"இவ்வளவு அழகா வேலை பண்ணியிருக்கீங்க" என்றார் கார்லண்ட். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது அந்தக் குரலில். "பொய் சொல்லி விக்கணும்னு என்ன தலையெழுத்து உங்களுக்கு?" திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வால்ட்டர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தார். பூட்டு உடையவில்லை. சாவி சமையலறை ஆணியில் இருந்தது. பிறகு டிரைவர் சீட்டில் உட்காரப் போனவருக்கு முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் தள்ளியிருந்தது! கறுப்பு சீட்டின் தையலில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பொடித்த சர்க்கரை.

"லொரெட்டா! எவனோ நம்ம ஆட்டை ஓட்டறான். குள்ளப் பய. இனிப்பு தின்னுக்கிட்டே ஓட்டறான்!"

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் லொரெட்டா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "சூப்பு ஆறுது, வா."

மறுநாள் தேவாலயத்திலிருந்து திரும்பியதும் போன் அடித்தது. கார்லண்ட்தான். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று, பழைய கார்க்காரர்கள் சனிக்கிழமைச் சாயங்காலம் கூடுகிற ஹாம்பர்கர் கடைக்குப் போயிருக்கிறார். பேச்சோடு பேச்சாக வால்ட்டரைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

"அத்தனை பேரும் என்னை அடிக்காத குறை. வால்ட்டரா பொய் சொன்னான், போய்யா வேலையைப் பாத்துக்கிட்டுன்னு சொல்லிட்டாங்க. நான் அவசரப்பட்டுட்டேன். வர்ற சனிக்கிழமை டிரெய்லரோட வர்றேன். பானட் குளிர்ந்திருந்து, முதல் திருகல்ல எடுத்துச்சுன்னா, நீங்க கேட்ட நாப்பத்தஞ்சாயிரம் டாலர் அப்படியே தர்றேன். சரியா?"

"சரி. குளிர்ந்திருந்தா வண்டி உங்களோடது" என்றார் வால்ட்டர். ஒரு தடவை வாயை விட்டு வார்த்தை வந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்த காரியம்.

ஆனால் குறுகுறுப்பு விடவில்லை. யார் அந்தக் குள்ளன்? ஷெட் மறுசாவி பக்கத்து வீட்டு டெல்மரிடம் ஒன்று இருக்கிறது. டெல்மர் ஆறடி உயரம், சர்க்கரை வியாதி வேறு. இருந்தாலும் திங்கட்கிழமை வேலியோரம் போய் நின்று நேராகவே கேட்டார்.

"டெல்மர், நீ என் வண்டியைத் தொட்டியா?"

டெல்மர் சிரித்த சிரிப்பில் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. "நான் தொடறேனா? யோவ், வாரத்துல ரெண்டு மூணு நாள் விடியறதுக்குள்ள தடதடன்னு கிளம்பிப் போறது யாரு? ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வர்றது யாரு? நீ வர்ற சத்தத்தைக் கேட்டுத்தான் நான் காப்பியே போடறேன். தெருவுக்கே தெரியும்யா! என் பொண்டாட்டிகூடக் கேட்டா, இந்த வயசுல வால்ட்டர் எவளைப் பாக்கப் போறாருன்னு."

தெருவே கேட்டிருக்கிறது, அவர் ஒருத்தர்தான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? முப்பத்தெட்டு வருஷம் பிரஸ் இரைச்சலில் நின்ற காது அது. காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால் கூரை இடிந்து விழுந்தாலும் தெரியாது.

அன்று மிஷினைக் கழற்றாமலே படுத்தார். லொரெட்டாவிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாளே என்று. ஜன்னல் கொஞ்சம் வெளுத்தபோது கேட்டது. முதல் திருகலிலேயே எடுத்தது ஆடு. வால்ட்டர் அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், ஆனால் எப்போதும் வண்டிக்குள் உட்கார்ந்து. வெளியிலிருந்து, அது போகப் போகக் கேட்டதில்லை. முதல் கியர். இரண்டாவது கியருக்கு மாறும் இடத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், அவர் கையில் எப்போதும் அங்கே கரகரவென்று அரைக்கும். அரைக்கவில்லை! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. அடேயப்பா, யார்டா இவன், என்னைவிட நல்லா ஓட்டறானே என்று ஒரு கணம் அசந்தே போனார். அப்புறம்தான் புத்தி வந்தது.

"லொரெட்டா, எழுந்திரு! ஆட்டைக் கடத்திட்டுப் போறான்!" என்று கத்திப் பக்கத்தில் கையை வைத்தார்.

தலையணைதான் இருந்தது.

ஷெட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். விடிந்த பிறகு ஆடு உள்ளே வந்தது. கூரை மடங்கியிருந்தது. தலையில் முக்காடு கட்டியிருந்த லொரெட்டாவின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. பக்கத்து சீட்டில் ஜாம் வைத்துப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவிய போன்ச்கி பன் பொட்டலம். அவரைப் பார்த்ததும் அவள் என்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை.

"குள்ளப் பயன்னு சொன்னியே, நான்தான்" என்றாள்.

"உனக்குக் கியர் வண்டி ஓட்ட வருமா?"

"எங்க மாமா பேக்கரியில நான் என்ன பண்ணினேன்னு நெனச்சே?"

"கல்லாவில உட்கார்ந்தே."

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ரொட்டி வேன் ஓட்டினேன். நாப்பத்தோரு வருஷமா நீ கேட்டதே இல்லை."

லொரெட்டா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"உனக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணினாங்களே, அப்ப ஆரம்பிச்சது. கண்ணை முழிச்சதும் நீ என்ன கேட்டே? வண்டியை ஓட்டாம விட்டா ரப்பர் சீல் எல்லாம் காஞ்சு போயிடும்னு புலம்பினே. எனக்கு வந்த ஆத்திரத்துல ட்யூபைப் பிடுங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்தேன். நீ இல்லாத வீடு. பயமா இருந்துச்சு, வால்ட். நீ போயிடுவேன்னு நெனச்சேன். இதுல வந்து உட்கார்ந்தா உன் சட்டை வாசம் அடிச்சுது. ஸ்டார்ட் பண்ணினேன். ஆத்தங்கரை வரைக்கும் போனேன். தண்ணி மேல சூரியன் வந்துச்சு. அழுதேன், ரெண்டு போன்ச்கி தின்னேன், திரும்பினேன். அப்புறம் விட முடியலை. ஒவ்வொரு தடவையும் பெட்ரோலை ரொப்பி, சீட்டைப் பின்னால தள்ளி வச்சுடுவேன், அந்தச் சனிக்கிழமைதான் மறந்துட்டேன்."

"அப்ப எதுக்குடி என்னை இத்தனை வருஷமா திட்டினே?"

"திட்டறதை நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வராதா?"

"நான் விக்கறேன்னு சொன்னப்பவாவது..."

"உன் முட்டிக்காக விக்கறேன்னு நெனச்சேன். எனக்கு ஆசைன்னு தெரிஞ்சா நீ வலியோட வச்சுக்கிட்டிருப்பே." முக்காட்டை அவிழ்த்தாள். "என்னால உன்னைப் பொய்யன்னு சொல்லிட்டுப் போனான் அந்தாளு. ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு நின்னேன், வாயைத் திறக்கலை. அதுக்கு என்னை மன்னிச்சுடு."

"அவனுக்குப் போன் பண்ணி விக்கலைன்னு சொல்லிடறேன்."

"சொல்லமாட்டே. குளிர்ந்திருந்தா வண்டி உங்களோடதுன்னு வார்த்தை கொடுத்திருக்கே. சொன்ன சொல்லை நீ மாத்தி நான் பாத்ததில்லை. எனக்காக மாத்தினா எனக்குப் பிடிக்காது." இறங்கினாள். சீட்டை அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் சாவியைத் தொடவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த லொரெட்டாவுக்கு ஷெட்டிலிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. சட்டியை இறக்கிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். ஆடு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வால்ட்டர் உள்ளே, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அப்படியே ஓடவிட்டார்.

கார்லண்டின் டிரெய்லர் வந்து நின்றபோது வால்ட்டர் வாசலில் இருந்தார். கார்லண்ட் கை குலுக்கினார், சிரித்தார், ஷெட்டுக்குள் போய் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"இது என்ன ஐயா?"

"சூடு பண்ணி வச்சேன்" என்றார் வால்ட்டர்.

"போன வாரம்?"

வால்ட்டருக்குக் காது இரண்டும் சிவந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டார். "போன வாரமும் நான்தான்."

"ஏன்?"

ஏன் என்று கேட்பான் என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "காலையில... எடுக்காது. இருமும். புகையும் வரும்."

கார்லண்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கடையில பத்துப் பேர் உங்களுக்காகச் சத்தியம் பண்ணினாங்க. சாயங்காலம் போய் அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

"சொல்லுங்க" என்றார் வால்ட்டர்.

காலி டிரெய்லர் லொடலொடத்துக்கொண்டு தெருமுனை திரும்பியது. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இனி அந்தக் கடை வாசலில் வால்ட்டரைக் கண்டால் எவனாவது பானட்டில் கையை வைத்துக் கண்ணடிப்பான். திரும்பினால் ஷெட் வாசலில் லொரெட்டா, கையில் சட்டிக் கரண்டியோடு.

"வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொன்னே" என்றாள். "அதையும் எவ்வளவு கேவலமா சொன்னே!"

"நம்பிட்டான் இல்ல?"

அவள் முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி கிளம்பறேன். வர்றதா இருந்தா காது மிஷினை மாட்டிக்கிட்டு வா. உனக்குப் பக்கத்து சீட்."